நோர்வேஜிய வகுப்பும் வாயில் வராத பெயரும்

நாற்பத்தைந்தாவது வயதில் நான் கம்பசுக்குப் போகத் தொடங்கினேன். எங்கள் ஊரில் பல்கலைக்கழகத்தைக் கம்பஸ் என்றுதான் சொல்வோம். ரொறன்ரோவில் இத்தனை காலம் இருந்தும் அந்தச் சொல் எனக்கு மாறவில்லை. அதற்கு ஒரு காரணமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் எனக்குக் கம்பஸ் எடுபட்டிருந்தது. அனுமதிக் கடிதம் வந்த அதே மாதத்தில் கனடாவிலிருந்து கலியாணப் பேச்சும் வந்தது. இரண்டில் எது வேண்டும் என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. ஸ்பொன்சரில் வந்து, வந்த மூன்றாம் கிழமை கலியாணம் முடிந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு பதினாறாம் மாடியில் குடும்பம் தொடங்கி, பிறகு மல்வேர்னுக்கு வீடு மாறி, ஒரு மகளைப் பெற்று வளர்த்து, மருந்துக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, இருபத்திரண்டு வருடம் எப்படிப் போனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நன்றாகத்தான் போனது. ஆனால் கம்பஸ் பிள்ளைகள் தோளில் பையைக் கொழுவிக்கொண்டு சப்வேயில் ஏறுவதைக் கண்டால் மட்டும் எனக்கு எரிச்சல் வரும். அது பொறாமை என்று ஒத்துக்கொள்ளவே எனக்குப் பல வருடம் எடுத்தது.

மகள் வேறு நகரத்துக் கம்பசுக்குப் போன வருடம் நானும் பகுதி நேர மாணவியாக விண்ணப்பம் போட்டேன். என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டவர்கள் எல்லாரும் பதிலையும் தாங்களே கையில் வைத்திருந்தார்கள். கணக்கியல் படி, நேர்சிங் படி, சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற கோர்ஸ் படி. நான் எடுத்தது ஸ்கண்டிநேவிய மொழிகளும் பண்பாடும்.

உண்மையைச் சொன்னால், என் வேலை பின்னேர ஷிஃப்ட். செவ்வாயும் வியாழனும் காலை பத்து மணிக்கு நடந்து, அதிலும் இடம் மிச்சமிருந்த மொழி வகுப்பு நோர்வேஜியம் ஒன்றுதான். கேட்டவர்களுக்கு நான் இன்னொரு காரணம் சொன்னேன். தம்பி நோர்வேயில் இருக்கிறான். வீடியோ கோலில் அவனுடைய பிள்ளைகள் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். அதுவும் பொய்க் காரணம் இல்லை. ஆறு மாதம் படித்த பிறகு அவர்கள் தம்பியின் வழுக்கையைப் பற்றிச் சிரிக்கிறார்கள் என்று கண்டுபிடித்தேன். படிப்புக்குப் பலன் கிடைத்த முதல் நாள் அது.

இவர், அதாவது என் கணவர், காருக்கு உதிரிப்பாகம் செய்யும் கொம்பனி ஒன்றில் வேலை பார்க்கிறார். அதிகம் பேச மாட்டார். நான் இப்படி ஒரு பாடம் எடுக்கப் போகிறேன் என்றபோது, "படியுமன்" என்றார். நான் குசினியில் சமைத்தபடியே சத்தம்போட்டு வாசிக்கத் தொடங்கிய பிறகுதான், "உது என்ன பாஷை, பாட்டுப் பாடுற மாதிரிக் கிடக்கு" என்றார். நோர்வேஜியம் அப்படித்தான். ஏறி இறங்கும். ஏசினாலும் தாலாட்டுகிற மாதிரி இருக்கும்.

முதல்நாள் வகுப்பில் பதினான்கு பேர். என்னைத் தவிர்த்தால் மற்ற எல்லாருக்கும் என் மகளின் வயது. படிப்பிக்க வந்தவருக்கு முப்பத்திரண்டு வயது. நோர்வேயின் வடக்கே, மாரிக் குளிர்காலத்தில் சூரியனே எழும்பாத ஒரு ஊர்க்காரி. கம்பளிச் சட்டையும் சப்பாத்து இல்லாத வெறும் சொக்ஸுமாக மேசையின் ஓரத்தில் ஏறி இருந்துகொண்டு, முதல் வேலையாக ஒரு சட்டம் போட்டார். தன்னை ரீச்சர் என்று கூப்பிட வேண்டாம், மிஸ் வேண்டாம், புரொபெசர் வேண்டவே வேண்டாம். தங்கள் நாட்டில் பிரதமரைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தன் பெயர் இதுதான் என்று பலகையில் எழுதினார். மிகச் சின்னப் பெயர். நாக்குப் புரளாத குழந்தைகூடச் சொல்லிவிடும்.

என்னால் முடியவில்லை.

படிப்பிக்கிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்பது எனக்கு அவருடைய தலையில் குட்டுவது மாதிரி. வயது குறைவு என்பதெல்லாம் இதற்குள் வராது. ஊரில் என்னோடு ஒன்றாகப் படித்தவள், கல்வியியல் கல்லூரிக்குப் போய் வந்து அதே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கியதும், பள்ளிக்கூட வாசலில் வைத்து அவளை நாங்கள் ரீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். இங்கே அந்தச் சொல்லையும் பறித்துவிட்டார்கள். பெயரும் வராது, ரீச்சரும் கூடாது. ஆகவே நான் அவரை ஒன்றுமே கூப்பிடாமல் விட்டேன். இந்தக் கட்டுரையில் ரீச்சர் என்றே எழுதப் போகிறேன். நேரில் சொல்ல விடாததை இங்கே எழுதி ஆசை தீர்த்துக்கொள்கிறேன்.

ஒருவரைக் கூப்பிடாமலே காரியம் பார்ப்பது எங்கள் பெண்களுக்குப் புதிதில்லை. எனக்கு இருபத்திரண்டு வருடப் பயிற்சி இருந்தது. இவரை நான் ஒருநாளும் பெயர் சொன்னதில்லை, "இஞ்சாருங்கோ" தான். அந்தக் கலையை அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோனேன். சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் எழும்பிப் போய் ரீச்சரின் கண்ணில் படுகிற இடத்தில் நிற்பேன். அவர் திரும்பாவிட்டால் ஒரு சின்ன இருமல். மின்னஞ்சலில் "ஹெய்" என்று வணக்கம் போட்டு, அதற்குப் பிறகு வரவேண்டிய பெயரை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருவேன். மற்றப் பிள்ளைகள் அறையின் அந்தக் கடைசித் தொங்கலில் இருந்து அவருடைய பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். எனக்குக் காது கூசும்.

இதைத் தவிர்த்துப் பார்த்தால் அந்த வருடத்தைப் போல ஒரு சந்தோஷமான வருடம் எனக்கு வாய்த்ததில்லை. விடிய எழும்பி, சமைத்து மூடி வைத்துவிட்டு, பஸ் ஏறி, சப்வே எடுத்து, நானும் தோளில் பையோடு இறங்குவேன். மேல்மாடியில் எங்கள் வகுப்பறை, ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் மரம். பண்பாட்டு வகுப்பில் ரீச்சர் ஒருநாள் டுக்னாட் என்ற சொல்லை விளங்கப்படுத்தினார். ஒரு பகுதியில் இருக்கிற ஆட்கள் எல்லாரும் ஒருநாள் கூடி, கூலி இல்லாமல், பொது இடத்தைத் துப்புரவாக்குவதும் வேலி திருத்துவதும், பிறகு ஒன்றாக இருந்து சாப்பிடுவதும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது பிடிபடவேயில்லை. ஏன் மாநகரசபை செய்யாதா என்று கேட்டார்கள். எனக்கு ஒரு நொடியில் விளங்கியது. அது எங்கள் சிரமதானம். மண்வெட்டியும் கடகமும் தேங்காய்ச் சம்பலும் பாணும் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. ஐஸ்லாந்துக்காரருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பனின் பெயரைத்தான் பின்னால் போட்டுக்கொள்வார்கள் என்று ரீச்சர் சொன்ன அன்றைக்கு நான் கையையே உயர்த்திவிட்டேன். எங்களுக்கும் அப்படித்தான் என்றேன். அப்படியானால் உங்களுக்கு ஏன் கணவரின் பெயர் பின்னால் இருக்கிறது என்று ஒரு பெட்டை கேட்டாள். இந்த நாட்டு ஃபோமில் இரண்டு பெட்டி இருந்தது, நிரப்பிவிட்டார்கள் என்றேன். வகுப்பே சிரித்தது.

மாரி விடுமுறை முடிந்து வந்ததும் ரீச்சர் ஒரு செய்தி சொன்னார். ஒவ்வொரு வருடமும் எங்கள் பிரிவிலிருந்து ஒரு மாணவரை நோர்வேயில் நடக்கும் கோடைப் பள்ளிக்கு அனுப்புவார்கள். ஆறு கிழமை, ஒன்றரை மாதம். செலவு எல்லாம் அவர்களுடையது. கம்பஸ் கொஸ்டலில், மாணவர் விடுதியில், ஆளுக்கு ஒரு தனி அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல், கதவைப் பூட்ட ஒரு திறப்பு.

அந்தத் திறப்புத்தான் என்னைப் பிடித்தது. யாழ்ப்பாணத்தில் கம்பஸ் எடுபட்டபோது எனக்கு முதலில் வந்த கனவு படிப்பே இல்லை, கொஸ்டல்தான். எங்கள் வீட்டில் ஆறு பேருக்கு இரண்டு அறை. அங்கேயிருந்து நேரே இவருடைய அப்பார்ட்மென்றுக்கு வந்தேன். இந்த வயதுவரை நான் ஒரு அறையில் தனியாக இருந்து, கதவைப் பூட்டிவிட்டு, மேசை விளக்கில் ஒரு புத்தகம் வாசித்ததில்லை. தம்பி போனில், தன் வீடு இருக்க எதற்குக் கொஸ்டல், இங்கே வந்து நின்று படி என்றான். அவனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? எனக்கு நோர்வேகூடப் பெரிதாகப் படவில்லை. ஒரு தடவை, ஆறே ஆறு கிழமை, மாணவியாக இருந்து பார்க்க வேண்டும். எனக்கு அது வேண்டும் என்று எனக்கு நானே வாய்விட்டுச் சொன்னேன். எதையும் அப்படி வேண்டும் என்று கேட்டு எனக்குப் பழக்கமில்லை, சொல்லிவிட்டுப் பயந்துபோனேன்.

ஆறு பேர் விண்ணப்பித்தோம். ரீச்சர் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு கடிதம் எழுதுவார், அதோடு ஒரு நேர்முகமும் உண்டு. எழுத்துச் சோதனையில் நான்தான் முதல். ஆகவே எனக்கு ஓரளவு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, சப்வே மேடையில்.

வகுப்பு முடிந்து நான் படியால் இறங்கி வர, ரீச்சர் எனக்கு முன்னால் இருபதடி தூரத்தில் மேடையில் நின்று போனில் கதைத்துக்கொண்டிருந்தார். தன் துணிப்பையை, ஆட்கள் இருக்கப் போட்டிருந்த வாங்கில் வைத்திருந்தார். ரெயில் வந்தது. போனைக் காதில் வைத்தபடியே நடந்தார். பை வாங்கிலேயே கிடந்தது. நான் ஓடிப்போய்ப் பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தேன். ரீச்சர் என்று வந்தது, விழுங்கினேன். பெயர் தொண்டைவரை வந்து நின்றது. கடைசியில் "எக்ஸ்கியூஸ் மி" என்று கத்தினேன். மேடையில் நின்ற அத்தனை சனமும் திரும்பிப் பார்த்தது, அவர் ஒருவரைத் தவிர. கதவு பூட்டியது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் சிரித்துக் கதைத்துக்கொண்டே போனார். நான் கையில் பையோடு நின்றேன்.

பைக்குள் எங்கள் சோதனைத் தாள்களும் அவருடைய வீட்டுத் திறப்பும் இருந்தன. நான் திரும்ப மேலே போய்ப் பிரிவின் அலுவலகத்தில் பையைக் கொடுத்து, நடந்ததைச் சொல்லிவிட்டு, வேலைக்குப் பிந்திப் போனேன். ரீச்சர் வீட்டுவாசல்வரை போய், திறப்பு இல்லாமல், அந்தக் குளிரில் எல்லா இடமும் தேடித் திரும்ப கம்பசுக்கு வந்தாராம்.

வியாழக்கிழமை வகுப்பு முடிய என்னை நிற்கச் சொன்னார். பையைக் கொண்டுவந்து தந்ததற்கு நன்றி சொன்னார். பிறகு, தன்னை எவ்வளவு தூரத்தில் கண்டீர்கள் என்று கேட்டார். இருபதடி என்றேன். அப்படியானால் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"செப்ரெம்பரிலிருந்து நீங்கள் ஒருதரம்கூட என் பெயரைச் சொல்லவில்லை. உங்களுக்கு நான் ஏதும் பிழை செய்துவிட்டேனா?"

தங்கள் ஊரில் ஒருவரோடு கோபம் என்றால்தான் பெயர் சொல்லாமல் விடுவார்கள் என்றார். என் மின்னஞ்சல்களைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தாராம். எந்த வகுப்பில் எந்தச் சொல்லால் என்னை நோகடித்தார் என்று யோசித்தாராம். அலுவலகத்தில் இருக்கிற பெண்ணிடம்கூடக் கேட்டாராம். நான் பொத்திப் பொத்திக் காத்த மரியாதை அவரிடம் போய்ச் சேர்ந்தது இந்த வடிவத்தில். வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம், அழுகை வேறு முட்டிக்கொண்டு வந்தது.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும் அரைகுறை நோர்வேஜியத்திலும் விளங்கப்படுத்தினேன். மதிக்கிறவரின் பெயரை நாங்கள் வாயில் எடுக்க மாட்டோம் என்றேன். என் கணவரின் பெயரையே சொன்னதில்லை என்றேன். அவர் நம்பவில்லை. கணவர் தூரத்தில் நின்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கிட்டப் போவேன் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அங்கே கோடைப் பள்ளியில் ஒவ்வொரு ஞாயிறும் மலை ஏறக் கூட்டிப் போவார்கள் என்றார்.

"உங்களுக்கு முன்னால் போகிறவர் வழுக்கப் பார்த்தால் என்ன செய்வீர்கள், இருமுவீர்களா?"

இந்த மாணவரால் எங்கள் முறைக்குப் பழக முடியுமா, கூட்டத்தோடு சேர்ந்து வேலை செய்ய முடியுமா என்று கடிதத்தில் ஒரு கேள்வி இருக்கிறதாம். தான் பொய் எழுத மாட்டேன் என்றார். உங்களை மாறச் சொல்லவும் மாட்டேன், நேர்முகத்துக்கு இரண்டு கிழமை இருக்கிறது, அதற்குப் பிறகுதான் கடிதத்தை எழுதுவேன் என்றார். கடைசியில் என் பெயரைச் சொல்லி, சந்திப்போம் என்றார்.

பஸ்ஸில் வரும்போது அந்தக் கடைசிச் சொல் காதிலேயே நின்றது. ரீச்சர் என் பெயரை எப்போதும் சொல்வார். முதல்நாளே இரண்டுதரம் கேட்டு, எங்கே அழுத்த வேண்டும் என்று பழகி, ஒவ்வொரு வகுப்பிலும் மூன்று நான்கு முறை சொல்வார். வேறு யார் சொல்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். அம்மாவுக்கு நான் பிள்ளை. தம்பிக்கு அக்கா. மகளுக்கு அம்மா. மருந்துக்கடை முதலாளிக்கும் அக்கா, வருகிற சனத்துக்கு அன்ரி. சட்டையில் பெயர்ப் பட்டி குத்தியிருக்கிறேன், அதை வாசித்த ஆள் இல்லை. டொக்ரரிடம் போனால் இவருடைய பெயரைச் சொல்லி, திருமதி என்று கூப்பிடுவார்கள். இவருக்கோ நான் "இஞ்சாரும்". எங்கள் ஆட்களில் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற கணவன்மார் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இவர் அந்தக் கட்சியில் சேரவில்லை. கலியாணமான புதிதில் வெட்கம், பிறகு அதுவே பழக்கம். ரொறன்ரோ முழுக்க என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள் அந்த நோர்வேக்காரிதான். நான் மொழி படிக்கத்தான் இப்படி ஓடி ஓடிப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து பயிற்சி. பஸ்ஸில் உதட்டுக்குள் சொன்னேன். குளிக்கும்போது சொன்னேன். ஆள் இல்லாத இடத்தில் நன்றாக வந்தது. அடுத்த செவ்வாய் வகுப்பில் ரீச்சரின் முகத்தைப் பார்த்ததும் பழையபடி இருமல்தான் வந்தது. மகளுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ நேம். சும்மா சொல்லுங்கோ" என்றாள். அவளுக்கென்ன, இங்கே பிறந்தவள்.

சனிக்கிழமை கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. இருக்கிற பெயர்களிலேயே கஷ்டமான பெயரை ஒருதரம் சொல்லிவிட்டால் மற்றது தானாக வரும். இவர் கீழே பேஸ்மென்ரில் ஏதோ பூட்டிக் கழற்றிக்கொண்டு இருந்தார். அடுப்பைக் குறைத்தேன். படிக்கட்டின் தலைப்பில் போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, இவருடைய பெயரைச் சத்தமாகச் சொன்னேன்.

கீழே ஏதோ விழுந்து உருண்டது. இவர் ஒரு காலில் செருப்பும் மற்றக் காலில் ஒன்றும் இல்லாமல் இரண்டிரண்டு படியாக ஏறி ஓடி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"ஆருக்கு என்ன?"

ஒருவருக்கும் ஒன்றுமில்லை, நோர்வேஜியப் பயிற்சி என்றேன். கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்து முழுக் கதையையும் சொன்னேன். பையில் தொடங்கி மலைவரை சொன்னேன். அதுவரை கோடைப் பள்ளிக்கு விண்ணப்பித்ததை மட்டும்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன். கிடைக்கப் போவதில்லை என்ற மாதிரித்தான் இருவரும் அதைப் பற்றிக் கதைத்திருந்தோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தண்ணீரைக் குடித்தார்.

"நல்லாத்தான் கிடக்கு. ஆனா இனிமேல் கூப்பிடாதையும், நெஞ்சு இடிக்குது."

எழும்பிக் கீழே போனார். பாதிப் படியில் நின்று, ரீச்சரின் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். முதன்முறையாக இன்னொருவருக்கு முன்னால் சொன்னேன். "உது சின்னப் பேர்தானே" என்றுவிட்டு இறங்கினார்.

நேர்முகத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ரீச்சரும், சுவீடன் இலக்கியம் படிப்பிக்கும் ஒரு வயதான மனிதரும். பதினைந்து நிமிடம், முழுக்க நோர்வேஜியத்தில். சிரமதானத்தைப் பற்றிச் சொன்னேன், தம்பியின் வழுக்கையைப் பற்றிச் சொன்னேன், அந்த மனிதர் நன்றாகச் சிரித்தார். பிறகு அவர் நீளமாக ஒரு கேள்வி கேட்டார். சுவீடன்காரர் பேசுகிற நோர்வேஜியம் எனக்கு மருந்துக்குக்கூட விளங்கவில்லை. வழக்கமாக இப்படிப்பட்ட இடத்தில் நான் தலையை ஆட்டிச் சிரித்துச் சமாளித்துவிடுவேன். கனடாவில் பாதி வருடங்களை அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன். சிரிக்கவும் தொடங்கிவிட்டேன். அப்போது அறை, கட்டில், மேசை எல்லாம் கையை விட்டுப் போகிற மாதிரி இருந்தது.

ரீச்சரின் பக்கம் திரும்பினேன். பெயரைச் சொன்னேன். விளங்கவில்லை, எனக்கு உதவி செய் என்றேன்.

குரல் சந்தையில் மீன்காரனைக் கூப்பிடுகிற மாதிரி வந்தது. அறையே அதிர்ந்தது என்று நினைத்தேன். அந்த மனிதர் தேநீரைக் கிளறிக்கொண்டிருந்தார். அவருக்கு அது ஒன்றுமேயில்லை. ரீச்சர் மட்டும் ஒரு நொடி என்னைப் பார்த்தார். கண் கொஞ்சம் மினுங்கியது. "யா?" என்றார். பிறகு கேள்வியை எனக்கு விளங்குகிற மாதிரித் திருப்பிச் சொன்னார். வளர்ந்தவர்கள் ஏன் படிக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. அதற்கு என்னிடம் பதில் நிறைய இருந்தது.

அடுத்த புதன்கிழமை மருந்துக்கடையின் பின் அறையில் தேத்தண்ணி குடிக்கும்போது மின்னஞ்சல் வந்தது. இடம் எனக்குத்தான். நான்குமுறை வாசித்தேன். தம்பிக்கு ஒரு மெசேஜ் போட்டேன். பிறகு முன்னால் போய், இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்க வந்த ஒரு அங்கிளிடம் மருந்தை நீட்டி, நான் நோர்வேக்குப் படிக்கப் போறன் என்று சொன்னேன். அவர், சாப்பிட முதலா பிறகா என்று கேட்டார்.

செய்தி யூனியன்வில்லில் இருக்கும் மச்சாளுக்கு, இவருடைய அக்காவுக்கு, என் வேலை முடிய முன்னாலேயே போய்விட்டது. தம்பிதான் சொல்லியிருப்பான். நான் வேலை முடிந்து வீட்டுக்கு வர இவர் அவவோடு போனில் இருந்தார். வயது போன நேரத்தில் கொஸ்டலோ, ஆறு கிழமை ஆர் சமைக்கிறது, சனம் என்ன கதைக்கும் என்று அவவின் குரல் எனக்கே கேட்டது. இவர் "ம்", "ம்" என்றுகொண்டு இருந்தார். போனை வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு மேசைக்கு வந்தார். நான் சாப்பாடு போட்டேன். எதிரில் இருந்தேன்.

கிடைத்துவிட்டது என்றேன். தெரியும் என்றார். எப்போது என்று கேட்டார். ஆனி மாதக் கடைசி என்றேன். அறையில் வேறு ஆட்கள் உண்டா என்று கேட்டார். இல்லை, தனி அறை என்றேன். கதவுக்குப் பூட்டு இருக்கிறதா என்றார். திறப்புத் தருவார்கள் என்றேன். சோற்றைக் குழைத்துக்கொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. இவர் ஒருநாளும் எனக்கு எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஆனால் இன்றைக்கு ஒரு சொல், போகாதையும் என்று ஒரே ஒரு சொல் சொன்னால் நான் நின்றுவிடுவேன் என்பது எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் நின்ற மாதிரியே நின்றுவிடுவேன். அதை நினைக்க எனக்கு என்மேல்தான் கோபம் வந்தது. கையை மேசைக்குக் கீழே இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இவர் கையைச் சோற்றுக் கோப்பை விளிம்பில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். என் பெயரைச் சொன்னார்.

சும்மா கூப்பிடுகிற பெயரைச் சொல்லவில்லை. கலியாணத்துக்கு முந்தைய முழுப் பெயர், பின்னால் என் அப்பாவின் பெயரோடு, ஒரு எழுத்து விடாமல். ஸ்பொன்சர் ஃபோமில் தன் கையால் எழுதிய பெயர். அதை எழுதி அனுப்பிவிட்டு, வருமா வராதா என்று ஒரு வருடம் காத்திருந்தாராம். இதைப் பிறகு ஒருநாள்தான் சொன்னார். எனக்கும் கம்பஸ் கடிதம் அந்தப் பெயருக்குத்தான் வந்தது. அந்தப் பெயரை இந்த நாட்டில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"போயிட்டு வாரும்" என்றார். "நான் சமைச்சுச் சாப்பிடுவன்."

வகுப்பு இடாப்பில் பெயர் கூப்பிடப்பட்ட பிள்ளையைப் போல எழும்பி நின்று, ஓம் என்றேன்.